வெள்ளணுவின் பதிவறை: மதனப்பள்ளியும் திருப்பதியும் கற்பிக்கும் பாடம்

சித்தூருக்கு வடமேற்கே குன்றுகள் சூழ அமைந்துள்ள மதனப்பள்ளிக்கு நம் நாட்டுச் சுகாதார வரலாற்றில் ஒரு தனி இடமுண்டு. அவ்வூரை அடுத்த ஆரோக்கியவரத்தில், கிறிஸ்தவ மிஷன்கள் பல ஒன்றுகூடி, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு காசநோய் மருத்துவ நிலையத்தை நிறுவின. 1948ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பி.ஸி.ஜி. ஊசியைச் சிறிய அளவில் போட்டுப் பார்ப்பதென முடிவு செய்தபொழுது, அவ்வூசி முதன்முதலாகப் போடப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளியும் ஒன்றாகும். அக்காலத்தில் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ஊசி மருந்தைத் தயாரிக்கும் கூடமும் அதே ஆண்டில் சென்னைக் கிண்டியில் ஏற்படுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபொழுது மதனப்பள்ளியும் திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்தன. எனினும், இவ்விரு ஊர்களிலும் நடைபெற்ற ஆராய்ச்சிகள் ஒரே பொருளைப் பற்றியவை என்பதை இன்றைய உயிரியல் நமக்குக் காட்டுகின்றது. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள், நோய்க் கிருமியைக் கண்டறியும் தம் கருவிகளை எப்பொழுது ஆக்குகின்றன, எப்பொழுது அடக்குகின்றன என்பதே அப்பொருள்.

ஒரே ஊசி, இரு விளைவுகள்

1950ஆம் ஆண்டு முதல், யோஹானஸ் பிரிமோட்-மூலர் என்னும் டேனிஷ் மருத்துவரின் தலைமையில், மதனப்பள்ளியைச் சுற்றிய கிராமங்களில் பி.ஸி.ஜி. ஊசியின் பயன் முறையாக அளந்தறியப்பட்டது. ஊசி போடப்பட்டவர்களும் போடப்படாதவர்களும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். 1973இல் வெளிவந்த முடிவின்படி, ஊசி போடப்பட்ட 5,069 பேருள் 33 பேருக்கும், போடப்படாத 5,808 பேருள் 47 பேருக்கும் காசநோய் கண்டது. பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டால், முறையே 65, 81 ஆகின்றது. அதாவது, ஐந்தில் ஒரு பங்கு நோயே குறைந்தது.

இதே 1950ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் பள்ளிப்படிப்பை முடிக்கும் சிறுவர் சிறுமியரிடையே இத்தகைய சோதனையொன்று தொடங்கப்பட்டது. அங்கே ஊசி போடப்பட்ட 13,598 பேருள் 62 பேருக்கும், போடப்படாத 12,867 பேருள் 248 பேருக்கும் நோய் கண்டது. நான்கில் மூன்று பங்கு நோய் குறைந்துவிட்டது. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மாபெரும் சோதனையிலோ, ஒப்பிடப்பட்ட இரு சாராருக்கும் இடையே வேறுபாடே காணப்படவில்லை.

ஊர் ஊராக நடந்து, தாய்மார்களை இணங்கச் செய்து, பிள்ளைகளுக்கு ஊசி போட்ட ஊழியர்களுக்கு இம்முடிவு எத்தகைய ஏமாற்றத்தைத் தந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஒரே வகை ஊசி ஓரிடத்தில் நன்கு காப்பதும் மற்றோரிடத்தில் சிறிதே காப்பதும் ஏன்? இவ்வினாவின் விடையில் ஒரு பகுதி வெள்ளணுவின் உள்ளே மறைந்து கிடக்கின்றது.

கிருமியை அறியும் கருவி

கிருமி உடலினுள் புகுந்தவுடன் அதனை முதலில் சந்திப்பவை விழுங்கும் தன்மையுள்ள வெள்ளணுக்கள். இரத்தத்தில் மோனோசைட்டு என்னும் பெயரோடு சுற்றிவரும் இவ்வகை அணு, திசுக்களினுள் நுழைந்ததும் பருத்துப் பெருவிழுங்கணு ஆகின்றது. இதற்குக் கண்ணில்லை, காதில்லை. தன் மேற்பரப்பிலும் உள்ளேயும் உள்ள சில புரதங்களைக் கொண்டே இது கிருமியை அறிகின்றது. பூட்டினுள் சாவி பொருந்துவதுபோலக் கிருமியின் ஒரு பகுதி அப்புரதத்தில் பொருந்துகின்றது. இத்தகைய புரதத்திற்கு ஏற்பி என்று பெயர்.

இவற்றுள் டோல் வகை ஏற்பிகள் மிக முக்கியமானவை. பழ ஈயின் வளர்ச்சியை ஆராய்ந்தபொழுது கண்டறியப்பட்ட டோல் என்னும் மரபணு, அவ்வீயைக் காளான் நோயினின்று காக்கவும் செய்கின்றது என்று 1996இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் காட்டினர். மனிதனிடத்தில் இதனை ஒத்த பத்து ஏற்பிகள் உள்ளன. அவற்றுள் இரண்டாம் எண்ணுள்ளது காசநோய்க் கிருமியின் கொழுப்பு கலந்த புரதங்களை அறியும். நான்காம் எண்ணுள்ளது வேறு பல பாக்டீரியாக்களின் உறைப்பொருளை அறியும். அணுவின் உட்புறத்தில் நாட்-2 என்னும் மற்றோர் ஏற்பி, கிருமியின் சுவர்த் துணுக்குகளுக்காகக் காத்திருக்கின்றது. இத்துறையில் உழைத்தமைக்காக ஜூல்ஸ் ஹாப்மன், புரூஸ் பாய்ட்லர் ஆகியோருக்கு 2011இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த ஏற்பிகள் எப்பொழுதும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. தேவை வரும்பொழுது பெருகும், வேண்டாதபொழுது குறையும். குறைவாயின் கிருமி தப்பிவிடும். அளவின்றிப் பெருகினாலோ, உடல் தன்னையே எரித்துக்கொள்ளும். ஆகவே இவற்றின் ஆக்கத்தை அடக்கி ஆளுவது உயிர்காக்கும் செயலாகும்.

பதிவறையும் நகலும்

இதனை விளங்கிக்கொள்ள, தாலுகா அலுவலகத்தின் பதிவறையை நினைவிற் கொள்வோம். ஊரிலுள்ள நிலங்கள் அனைத்திற்கும் உரிய மூலப் பதிவேடுகள் அங்கே கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மூலப் பதிவேடு அறையைவிட்டு வெளியே வருவதில்லை. தேவைப்படுபவருக்குத் தேவையான பக்கத்தின் நகல் மட்டுமே எழுதித் தரப்படும். அந்நகலைக் கொண்டே வெளியில் காரியங்கள் நடைபெறுகின்றன.

உயிரணுவின் உட்கரு இத்தகைய பதிவறையே. அதனுள் டி.என்.ஏ. என்னும் நூலில், புரதம் ஆக்குவதற்குரிய ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு மரபணுவும் ஒரு பதிவுப் பக்கத்தைப் போன்றது. நகலாக வெளிவருவது ஆர்.என்.ஏ. அந்நகலைப் படித்து, உட்கருவுக்கு வெளியே ஏற்பிப் புரதம் ஆக்கப்படுகின்றது. தோல் அணுவிலும் வெள்ளணுவிலும் உள்ள பதிவேடுகள் பெரும்பாலும் ஒன்றே. எந்தப் பக்கங்களுக்கு நகல் எடுக்கப்படுகின்றது என்பதிலேதான் இரண்டிற்கும் வேறுபாடு.

ஓர் அணுவிலுள்ள டி.என்.ஏ. நூலை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரும். அது கண்ணுக்குப் புலப்படாத உட்கருவினுள் அடங்குவதற்காக, ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின்மேல் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றது. இறுகச் சுற்றிய பகுதியைப் படிக்க முடியாது. கட்டைத் தளர்த்தினாலன்றிப் பக்கத்தைப் புரட்ட இயலாதல்லவா?

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். வெள்ளை நூலொன்றில் ஓரிடத்தில் சிவப்பு மை தடவி, அந்நூலை ஒரு கட்டையின்மேல் நெருக்கமாகப் பல சுற்றுகள் சுற்றவேண்டும். சிவப்புப் பகுதி உள்ளே மறைந்துவிடும். சுற்றைத் தளர்த்தினால் அது வெளிப்படும். நூல் மாறவில்லை, மையும் மாறவில்லை. மாறியது சுற்றின் இறுக்கமே. இதைக் கண்ட மாணவன், மரபணு இருத்தல் வேறு, அது செயற்படுதல் வேறு என்பதை மறக்கமாட்டான்.

கட்டை அவிழ்க்கும் ஆணை

கட்டை அவிழ்க்கவும் நகல் எடுக்கவும் ஆணையிடுபவர் யார்? சில சிறப்புப் புரதங்களே அவ்வாணையை ஏந்திச் செல்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றை 1986இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் என்னும் இருவரும் கண்டறிந்தனர். அவர்கள் ஆராய்ந்தது எதிர்ப்பொருளை ஆக்கும் வெள்ளணுக்களை. அவ்வணுக்களின் ஏற்பியே எதிர்ப்பொருளின் வடிவில் அமைந்தது. அதன் ஓர் உறுப்பான கப்பா சங்கிலிக்குரிய மரபணுவின் அருகில் ஒரு புரதம் வந்து பொருந்துவதை அவர்கள் கண்டனர். என்.எப்.-கப்பா-பி என்று அதற்குப் பெயரிடப்பட்டது. பிற்காலத்தில், ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் அது உண்டென்றும், நோய்த்தடுப்பு மரபணுக்கள் பலவற்றை அது ஆள்கின்றதென்றும் தெளிவாயிற்று.

அமைதியான காலத்தில் இப்புரதம் உட்கருவுக்கு வெளியே, ஒரு தடைப் புரதத்தால் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். டோல் ஏற்பியில் கிருமி பொருந்தியதும் செய்தி உள்ளே பாய்கின்றது, தடைப் புரதம் அழிக்கப்படுகின்றது, விடுபட்ட என்.எப்.-கப்பா-பி உட்கருவினுள் நுழைந்து உரிய மரபணுக்களை இயக்குகின்றது. இரண்டாம் டோல் ஏற்பியின் மரபணுவும் அவ்வாறு இயக்கப்படுவனவற்றுள் ஒன்று. கிருமியைக் கண்ட காவலன் மேலும் காவலர்களை அழைப்பது போன்றது இது. வியப்பு யாதெனில், தடைப் புரதத்தின் மரபணுவும் அதே ஆணையினால் இயக்கப்படுகின்றது. ஆகவே சிறிது நேரத்தில் புதிய தடைப் புரதம் தோன்றி, ஆணையைத் திரும்பப் பிடித்துக்கொள்கின்றது. தொடங்கும் செயலுக்குள்ளேயே முடிக்கும் செயலும் வைக்கப்பட்டிருக்கின்றது.

காசநோய்க் கிருமி இம்முறையைத் தனக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்கின்றது. விழுங்கப்பட்ட கிருமியின் துணுக்குகளைப் பெருவிழுங்கணு தன் மேற்பரப்பில் ஏந்தி, டி வகை வெள்ளணுக்களுக்குக் காட்டவேண்டும். அதற்கென ஏந்துபுரதங்கள் உண்டு. கிருமியின் கொழுப்புப் புரதங்கள் இரண்டாம் டோல் ஏற்பியை நெடுநேரம் தூண்டிக்கொண்டே இருந்தால், அவ்வேந்துபுரதங்களின் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன எனச் சோதனைகள் காட்டியுள்ளன. காவலனை எழுப்பிய அதே ஒலி, ஓயாது ஒலித்து அவனைச் செவிடாக்கிவிடுகின்றது. பல்லாண்டுகள் நுரையீரலில் ஒளிந்து வாழக் கிருமிக்கு இதுவும் ஒரு துணை.

ஊசி விட்டுச்செல்லும் அடையாளம்

பி.ஸி.ஜி. என்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட, ஆயினும் உயிருள்ள கிருமி. அது டி வகை வெள்ளணுக்களுக்குக் காசநோய்க் கிருமியை நினைவில் நிறுத்தக் கற்பிக்கின்றது என்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. விழுங்கும் வெள்ளணுக்களுக்கு நினைவாற்றல் இல்லை என்றே முன்பு நூல்கள் கூறிவந்தன.

2012இல் நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றிற்று. நலமுள்ளோர்க்கு பி.ஸி.ஜி. ஊசி போட்டபின், அவர்களுடைய மோனோசைட்டுகள் காசநோயோடு தொடர்பற்ற கிருமிகளையும்கூட முன்னிலும் இருமடங்கு வீறுடன் எதிர்த்தன. அவ்வணுக்களின்மேல் நான்காம் டோல் ஏற்பி மிகுந்திருந்தது. குறைந்தது மூன்று மாதங்கள் இந்நிலை நீடித்தது. நாட்-2 ஏற்பியின் வழியாகச் சென்ற செய்தி, ஹிஸ்டோன் உருண்டைகளின்மேல் மெத்தில் என்னும் சிறு இரசாயன அடையாளங்களை இடச்செய்திருந்தது. அவ்வடையாளம் உள்ள இடத்தில் கட்டு தளர்ந்தே நிற்கும். பதிவறையில், அடிக்கடி வேண்டிய கட்டை மீண்டும் இறுக்கிக் கட்டாமல் மேலேயே வைத்துவிடுவது போன்றது அது.

மோனோசைட்டு இரத்தத்தில் சில நாட்களே வாழ்கின்றது. மூன்று மாத நினைவு எவ்வாறு நிற்கும்? எலும்பு மஜ்ஜையில் உள்ள தாயணுக்களிலேயே இம்மாறுதல் பதிந்து, அவற்றினின்று பிறக்கும் அணுக்களுக்குச் செல்கின்றது என்று பின்வந்த ஆராய்ச்சிகள் விளக்கின.

இனி மதனப்பள்ளியின் புதிருக்குத் திரும்புவோம். நம் நாட்டின் வெப்பமான பகுதிகளில், மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, நோய் விளைக்காத கிருமிகள் பல வாழ்கின்றன. அவற்றோடு பழகியதன் அறிகுறியாக, மதனப்பள்ளிச் சுற்றுப்புறத்து மக்களுள் பலருக்கு டியூபர்குலின் சோதனையில் சிறிய தடிப்புத் தோன்றியது. இத்தகைய மக்களின் வெள்ளணுக்கள் ஊசிக்கு முன்பே ஓரளவு பயிற்சி பெற்றுவிட்டமையால், ஊசியால் புதிதாகச் சேரும் காவல் சிறிதாகத் தோன்றியது என்பதே அறிஞர் பலர் கூறும் விளக்கம். முன் அமைந்த தடுப்பாற்றல், ஊசியிலுள்ள உயிருள்ள கிருமியை அது வேலை செய்வதற்கு முன்பே அழித்துவிடுவதும் உண்டு என்பர். இவ்விளக்கம் முற்றுப்பெற்றதன்று. எனினும், பிறந்த சிசுவுக்கு ஊசி போடுவதன் சிறப்பு இதனால் விளங்குகின்றது. மண்ணின் கிருமிகள் முந்திக்கொள்வதற்கு முன் ஊசி முந்திக்கொள்கின்றது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடலெங்கும் பரவும் கொடிய காசநோயையும் பி.ஸி.ஜி. நன்கு தடுப்பதாலேயே, இன்றும் நம் நாட்டில் பிறந்தவுடன் அது போடப்படுகின்றது.

திருப்பதியின் வெயில்

வெள்ளணுவின் ஏற்பிகளைக் கிருமி மட்டுமா ஆள்கின்றது? உணவும் வெயிலும்கூட அதில் பங்கு கொள்கின்றன. 2006இல் அமெரிக்காவில் கலிபோர்னியா விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வொன்று இதனைக் காட்டிற்று. மனிதப் பெருவிழுங்கணுவில் டோல் ஏற்பி தூண்டப்பட்டதும், வைட்டமின் டி-யை ஏற்கும் ஏற்பியின் மரபணு கூடுதலாக இயங்குகின்றது. அத்துடன், இரத்தத்தில் வரும் வைட்டமின் டி-யை வீரியமுள்ள வடிவாக மாற்றும் நொதியும் பெருகுகின்றது. வைட்டமின் பொருந்திய ஏற்பி உட்கருவினுள் கேதலிசிடின் என்னும் பொருளின் மரபணுவை இயக்குகின்றது. கேதலிசிடின் காசநோய்க் கிருமியைக் கொல்லவல்லது. இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருந்தால், ஏற்பி பெருகியும் பயன் குறைகின்றது. பூட்டுகள் ஆயிரம் செய்து வைத்தும் சாவி வந்து சேரவில்லை எனலாம்.

வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டில் இச்சாவி குறையுமா என்று ஐயுறலாம். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் சி. வி. ஹரிநாராயண் என்பவரும் உடனுழைத்தவர்களும் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நடத்திய ஆய்வுகள், குறையும் என்றே காட்டின. அவ்வட்டாரத்தில் நலமாக வாழ்வோருள்ளும் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி போதவில்லை. வயலில் உழைக்கும் கிராமத்தாருக்கு நகரத்தாரைவிட ஓரளவு மேலான நிலை; பெண்களுக்கு ஆண்களைவிடத் தாழ்ந்த நிலை. உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைவென்பதும் உடன் வெளிப்பட்டது. தோலில் வைட்டமின் டி-க்கு மூலமாகும் பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் இட்டுத் திருப்பதி வெயிலில் வைத்துப் பார்த்தபொழுது, முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை உள்ள வெயிலே அதனை நன்கு மாற்றுகின்றதென்று தெரிந்தது. நிழலைத் தேடி நாம் ஒதுங்கும் வேளையும் அதுவே அன்றோ!

அப்படியானால் எல்லார்க்கும் வைட்டமின் டி கொடுத்துக் காசநோயைத் தடுத்துவிடலாமா? மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளிடம் மூன்றாண்டுகள் இவ்வாறு செய்து பார்க்கப்பட்டது. 2020இல் வெளிவந்த முடிவின்படி, காசநோய்க் கிருமி தொற்றுவது அதனால் குறையவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மரபணுவைப் பற்றிக் கண்ட உண்மை பொய்யாகிவிடவில்லை. ஆயினும், ஓர் அணுவில் நிகழ்வதிலிருந்து ஓர் ஊரில் நிகழ்வதை ஊகித்துச் சொல்ல முடியாது என்பதை அது மீண்டும் உணர்த்திற்று. மறுபுறம், ஜார்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தார்க்கு உணவுப் பொருள்கள் வழங்கி நடத்தப்பட்ட சோதனையில், அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 39 சதவிகிதம் குறைந்தது. அம்முடிவு 2023இல் வெளியாயிற்று. ஒரு சத்தினால் ஆகாதது முழு உணவினால் ஆயிற்று.

நாம் செய்யவேண்டுவது

மேற்கூறியவற்றினின்று களப்பணியாளரும் ஆசிரியரும் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உள. பிறந்த குழந்தைக்கு பி.ஸி.ஜி. ஊசியைத் தாமதமின்றிப் போடச்செய்தல் வேண்டும். ஊசி போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு புண் தோன்றி ஆறித் தழும்பாவது இயல்பே என்றும், அதன்மேல் மருந்தோ பச்சிலையோ இடலாகாது என்றும் தாய்மாருக்குக் கூறவேண்டும். சிறுவயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் பெரியவர்களான பின் காசநோய் வரக்கூடும். ஆகையால், இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் தழும்பைக் காட்டி அமைதியடையாமல் சளிப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். நோயுள்ள வீட்டில் உணவு போதுமானதாக இருக்கின்றதா என்பதையும் மருந்தோடு சேர்த்தே கவனிக்கவேண்டும்.

மதனப்பள்ளிச் சோதனை தோல்வி என்று சிலர் கருதக்கூடும். அங்கே ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, ஊசி போட்டவர், போடாதவர் எல்லாரையும் தொடர்ந்து தேடிப் பதிந்து வைத்திராவிடில், இலண்டனில் பலித்தது இங்கும் பலிக்கும் என்றே நம்பியிருப்போம். ஏன் பலிக்கவில்லை என்னும் வினாவும் பிறந்திராது. வெள்ளணுவின் பதிவறையைத் திறந்து பார்க்க விஞ்ஞானிகளைத் தூண்டியவற்றுள், கிராமத்துப் பதிவேட்டில் நேர்மையாக எழுதப்பட்ட அவ்வெண்களும் அடங்கும். இன்று நம் கையிலுள்ள பதிவேட்டை நிரப்பும்பொழுதும் இதனை நினைவிற் கொள்வோமாக.